லேவியராகமத்தோடு நின்றுபோகும் வேத வாசிப்பு

கேள்வி: எனக்கு 34 வயது. திருநெல்வேலி பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8 என்று டியூட்டி மாறி மாறி வரும். கணவர் வெளிநாட்டில். வீட்டில் அத்தையும் 6 வயது மகனும். ஒவ்வொரு ஜனவரியும் ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடித்துவிட வேண்டும் என்று ஆரம்பிக்கிறேன். பிப்ரவரியில் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுவிடுகிறது. ஜெபிக்க முழங்கால் போட்டால் ஐந்து நிமிடத்தில் மனம் வார்டுக்குப் போய்விடுகிறது, இல்லாவிட்டால் தூங்கிவிடுகிறேன். அதிகாலை 4 மணி ஜெபம் இல்லாமல் ஆவிக்குரிய வளர்ச்சி கிடையாது என்கிறார்கள் அத்தை. ஜெபக்குழுவில் ஆளாளுக்கு "கர்த்தர் என்னோடு பேசினார்" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. சில மாதமாக எல்லாமே வறண்டு கிடக்கிறது. கர்த்தர் என்மேல் கோபமாக இருக்கிறாரா? மகனுக்கு ஜெபிக்கச் சொல்லித்தரக்கூட எனக்குத் தகுதியில்லை என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு முந்தின கேள்வி. கர்த்தர் உங்கள்மேல் கோபமாக இல்லை. கிறிஸ்துவுக்குள் இருக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8:1 சொல்கிறது. "தினமும் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறவர்களுக்கு மட்டும்" என்று அங்கே ஒரு நிபந்தனை இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இது சரியாகாமல் மற்ற எதுவும் சரியாகாது. தேவன் முகம் சுளித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அவர் முன்னால் உட்காருகிறவரால் ஐந்து நிமிடத்துக்குமேல் உட்கார முடியாது. வீட்டில் கோபமாக இருக்கிற ஒருவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருப்போம்? ஏதாவது வேலையைச் சாக்காக வைத்து எழுந்துவிடுவோம். உங்கள் மனம் வார்டுக்கு ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

அடுத்து லேவியராகமம். நீங்கள் அங்கே நிற்பது பக்திக் குறைவால் அல்ல, கணக்கால். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்றுக்குச் சற்று அதிகம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஒரு நாளும் தவறாமல் மூன்று மூன்றாக வாசித்தால் ஜனவரி 25-ஆம் தேதி ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளுக்கு வருவீர்கள். ஜனவரி 31-ஆம் தேதி லேவியராகமம் முதல் அதிகாரம். அதுவரை ஆபிரகாம், யோசேப்பு, செங்கடல் என்று கதை இழுத்துக்கொண்டு போனது. திடீரென்று முழமும் சாணும், கொழுப்பும் குண்டிக்காயும். அந்த நேரம் பார்த்து ஒரு வாரம் நைட் டியூட்டி வருகிறது. நாலு நாள் விட்டால் 12 அதிகாரம் கடன். கடன் ஏறினால் புத்தகத்தைத் திறக்கவே கை கூசும். வட்டிக்குக் கொடுத்தவர் வீட்டு வாசல் வழியாகப் போக மனம் வராதே, அதே கதைதான்.

ஆகவே இந்த வருடம் ஒரு வருடத் திட்டத்தை விட்டுவிடுங்கள். தேதி போட்ட அட்டவணை எதுவும் வேண்டாம். ஒரு அட்டைத் துண்டைப் புத்தகத்தில் வையுங்கள். எங்கே நிறுத்தினீர்களோ அங்கே அது இருக்கும். நாலு நாள் கழித்து வந்தாலும் கடன் இல்லாமல் அங்கிருந்தே தொடரலாம். மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம், 678 வசனம். ஒரு தடவைக்கு 10 முதல் 15 வசனம், ஒரு சம்பவம் முடிகிற இடம்வரை. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடியும். மூன்று மாதம் ஆனாலும் ஒரு குறையும் இல்லை. பிறகு பிலிப்பியர், பிறகு யோவான். லேவியராகமத்தை அப்படியே ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எபிரெயர் 9, 10 அதிகாரங்களை வாசித்த பிறகு லேவியராகமம் 16-ஐத் திறந்து பாருங்கள், அந்த இரத்தமும் அந்தத் திரையும் எதற்கு என்று அப்போது புரியும். "பிறனிலும் அன்புகூருவாயாக" என்று இயேசு எடுத்துச் சொன்ன வசனம் இருப்பதும் அந்தப் புத்தகத்தில்தான், 19-ஆம் அதிகாரத்தில்.

இப்போது நேரம். அத்தை சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. வீடு விழிக்கும் முன்னுள்ள அமைதிக்கு ஈடான நேரம் வேறு இல்லை. பல வருடமாக அந்த நேரத்தில் எழுந்து குடும்பத்துக்காக ஜெபிக்கிறவர்களை மதிக்க வேண்டும். உங்களுக்காகவும் மகனுக்காகவும்தான் அவர்கள் எழுகிறார்கள். ஆனால் அது நல்ல பழக்கம், கட்டளை அல்ல. அதே இயேசு ஒரு இராமுழுவதும் ஜெபித்திருக்கிறார் (லூக்கா 6:12). தானியேல் நாளில் மூன்று வேளை ஜெபித்தான். பேதுரு வீட்டின் மேல்தளத்தில் ஜெபித்தது நடுப்பகலில், கொர்நேலியு ஜெபித்தது பிற்பகல் மூன்று மணி வாக்கில், பவுலும் சீலாவும் சிறையில் பாடி ஜெபித்தது நடுராத்திரியில். காலை 8 மணிக்கு டியூட்டி முடித்து வருகிறவருக்கு 4 மணி என்பது அதிகாலை அல்ல. சோர்வு உச்சத்தில் இருக்கிற வேலை நேரம். அத்தையிடம் வாதாட வேண்டாம். "அத்தை, நைட் டியூட்டி நாளில் நீங்க 4 மணிக்கு ஜெபிக்கும்போது என் பேரைச் சொல்லுங்க, நான் அப்ப வார்டுல நிக்கிறேன், அங்கேயே ஜெபிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜெபிக்கிறீர்கள் என்றாகிவிடும்.

உங்கள் மாதிரி டியூட்டிக்கு ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டக் கூடாது, வேறொரு செயலோடு கட்ட வேண்டும். காலை டியூட்டி வாரத்தில், வீட்டுக்கு வந்து குளித்து சாப்பிட்ட பின், மகன் பள்ளியிலிருந்து வருவதற்கு முன். மதியம் டியூட்டி வாரத்தில், அவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியவுடனே. பாத்திரத்தில் கைவைக்கும் முன். நைட் டியூட்டி வாரத்தில், வந்து படுத்துத் தூங்கி எழுந்த பிறகு. மூன்றையும் ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். டியூட்டி மாறும் நாளில் "இன்னிக்கு எப்போ?" என்று யோசிக்க வேண்டி வரக்கூடாது, ஏனென்றால் அந்த யோசனையில்தான் நாள் போய்விடுகிறது. இடம் மட்டும் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்றார் ஆண்டவர். தனி அறை இல்லாவிட்டால் ஒரு மூலை, ஒரு நாற்காலி போதும்.

அளவு 20 நிமிடம். ஆரம்பத்தில் அதற்குமேல் வைக்காதீர்கள். ஆர்வம் வந்த நாளில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மறுநாள் முடியாமல் விடுவதைவிட, எழுந்திருக்க மனமில்லாமல் 20 நிமிடத்தில் எழுவது நல்லது. மன்னாவை அன்றன்றைக்குரிய அளவுதான் சேர்க்கச் சொன்னார் கர்த்தர். மறுநாளைக்கென்று மீதி வைத்தது பூச்சி பிடித்து நாறியது.

அந்த 20 நிமிடத்தில் எது முதலில் என்பதுதான் மிக முக்கியம். நீங்கள் முழங்கால் போட்டு நேரே ஜெபத்தில் தொடங்குகிறீர்கள். வேலைச் சுமையோடு வருகிற மனதுக்கு அது கடினம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், விசுவாசத்துக்கும் ஜெபத்துக்கும் உலகமெல்லாம் பேர்பெற்றவர், இதே பிரச்சினையில் இருந்திருக்கிறார். காலையில் எழுந்ததும் நேரே ஜெபிப்பதே அவர் வழக்கம். முதல் பத்து நிமிடம், கால் மணி, சில நாள் அரை மணி நேரம்கூட மனம் அலைந்துகொண்டே இருக்கும், அதற்குப் பிறகுதான் உண்மையான ஜெபம் ஆரம்பிக்கும் என்று அவரே 1841-இல் எழுதியிருக்கிறார். பிறகு வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தில் ஒரு பகுதியை எடுத்து, தன் ஆத்துமாவுக்கு ஆகாரமாக மெதுவாக வாசித்துத் தியானித்தார். சில நிமிடத்தில் அந்த வசனமே ஜெபமாக மாறிவிடும். நன்றியாகவோ, பாவ அறிக்கையாகவோ, வேண்டுதலாகவோ. கர்த்தர் பேசுவதை முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாக நாம் பேசுகிறோம். எதைப் பற்றிப் பேசுவது என்று தேட வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்ல நினைப்பதில் ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள்.

செய்முறையாகச் சொல்கிறேன். உட்கார்ந்து ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். நீண்ட மூச்சு இரண்டு மூன்று. பிறகு சங்கீதம் 119:18-ஐச் சொல்லுங்கள்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." அன்றைய பகுதியை ஒருமுறை மனதுக்குள் வாசியுங்கள். இரண்டாம் முறை வாய்விட்டு, மெதுவாக. வாய்விட்டு வாசிப்பதற்குக் காரணம் உண்டு. முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வருகிறதே, அந்த இடத்தில் உள்ள எபிரெயச் சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிப்பது. ஏசாயா 31:4-இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தான். கண்ணை மூடி வெறுமையாக உட்கார்வது அல்ல வேதம் சொல்லும் தியானம். ஒரு வசனத்தை வாயில் போட்டு அசைபோடுவது. இது ஏழெட்டு நிமிடம்.

ஒரு பகுதியை எடுத்துச் செய்து பார்ப்போம். மாற்கு 4:35–41. ஏழு வசனம்தான். சாயங்காலம், நாள் முழுவதும் போதித்துவிட்டு, "அவர் படவிலிருந்தபடியே" கொண்டுபோகிறார்கள், வீட்டுக்குப் போய் மாற்றுடுப்பு எடுக்கக்கூட இல்லை. புயல். அலை படவுக்குள் மோதி நிரம்புகிறது. இயேசுவோ கப்பலின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அந்தத் தலையணையில் கொஞ்சம் நில்லுங்கள். மாற்கு மட்டும்தான் அதைச் சொல்கிறார். வேலை முடிந்து அடித்துப்போட்டதுபோல் தூங்குவது என்றால் என்ன என்று ஆண்டவருக்குத் தெரியும். அடுத்து சீஷர்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" இதுவும் ஒரு ஜெபம். மரியாதையான ஜெபம் அல்ல. ஆனாலும் அவர் எழுந்தார். முதலில் காற்றை அதட்டி, கடலைப் பார்த்து, "இரையாதே, அமைதலாயிரு" என்றார். அதற்குப் பிறகுதான் அவர்களைக் கடிந்துகொள்கிறார். காப்பாற்றுவது முதலில், பாடம் பிறகு. சரி, இப்போது உங்கள் ஜெபம் எங்கிருந்து வரும்? "ஆண்டவரே, உமக்குக் கவலையில்லையா என்று சில மாதமாக நானும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே சொல்லப் பயந்தேன்." இதைச் சொல்லிவிட்டீர்களானால் அன்றைக்கு ஜெபித்துவிட்டீர்கள்.

ஒரு வசனத்திலிருந்து ஜெபத்தை எடுப்பதற்கு ஒரு பழைய முறை உண்டு. 1535-இல் ஜெர்மனியின் விட்டன்பர்கில், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரிடம் அவருடைய முடிதிருத்துபவர், பேதுரு என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். நீங்கள் கேட்ட அதே கேள்விதான். லூத்தர் அவருக்கு ஒரு சின்னப் புத்தகமாகவே பதில் எழுதினார். ஒரு வாக்கியத்தை எடுத்து நாலு இழையாகப் பிரிக்கச் சொன்னார். இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது. இதற்காக எதற்கு நன்றி சொல்வேன். இதில் என் பாவம் எது. இனி எதைக் கேட்பேன். நாலும் எல்லா நாளும் வர வேண்டியதில்லை. ஒரு இழையிலேயே உள்ளம் உருகி ஓடினால் மற்றவற்றை விட்டுவிட்டு அங்கேயே இருக்கும்படியும் சொல்கிறார். அதே கடிதத்தில் மனம் அலைவதற்கும் உவமை வைக்கிறார். நல்ல முடிதிருத்துபவர் தன் கண்ணையும் மனதையும் சவரக்கத்தியில் வைத்திருப்பார். பேச்சில் கவனம் போனால் வந்தவரின் வாயோ மூக்கோ போய்விடும். ஐ.வி. ஊசி போடும்போது உங்கள் மனம் எங்கும் போவதில்லை அல்லவா? கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கும்போது மனம் நிற்கிறது. அதனால்தான் திறந்த வேதாகமத்தில் விரலை வைத்துக்கொண்டு, வாய்விட்டு ஜெபிக்கச் சொல்கிறேன். கண்ணை மூடத்தான் வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. தூக்கம் வந்தால் எழுந்து நடந்துகொண்டே ஜெபியுங்கள்.

அப்படியும் மனம் ஓடும். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும். "கரண்ட் பில்", "மூன்றாம் பெட் பாட்டிக்கு மருந்து சொல்லணும்" என்று நினைவு வந்தால் ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். எழுதாவிட்டால், மறந்துவிடுவோமோ என்று மனம் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே விஷயம் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அது இடையூறு அல்ல. அதுதான் நீங்கள் ஜெபிக்க வேண்டிய காரியம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வேதாகம ஆப்பில் வாசிப்பது தவறில்லை, ஆனால் வாசிக்கிற பக்கத்தின் மேலேயே வாட்ஸ்அப் வந்து விழும். அச்சிட்ட புத்தகம் நல்லது. காலையில் குரூப்பில் வருகிற பூப்படம் போட்ட வசனத்தையும், புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையையும் மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்ளுங்கள். வேத வாசிப்புக்குப் பதிலாக மட்டும் வைக்காதீர்கள். எரேமியா 29:11-இன் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. அதை அறிந்து வாசிக்கிறவருக்கு, பதில் தாமதமாகும்போது வசனம் பொய்த்துப்போனதாகத் தோன்றாது.

கடைசி மூன்று நிமிடம் மற்றவர்களுக்காக. எல்லோருக்காகவும் எல்லா நாளும் ஜெபிக்கப் பார்த்தால் அது பட்டியல் வாசிப்பாகிவிடும். கணவரும் மகனும் அத்தையும் தினமும். மற்றவர்களைக் கிழமைக்கு மூன்று பேராகப் பிரித்துவிடுங்கள்.

20 நிமிடம் முடிந்தது, மீதி நாள்? ஆதித் திருச்சபைக் காலத்தில் எகிப்தின் துறவிகள் அம்பு எய்வதுபோல் சின்னச் சின்ன ஜெபங்களை அடிக்கடி ஏறெடுப்பார்கள் என்று திருச்சபைப் பிதாக்களில் ஒருவரான அகுஸ்தீன் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவர்கள் பெரிதும் பயன்படுத்திய ஒரு வசனத்தை அவர்களோடு வாழ்ந்த துறவி யோவான் காசியன் பதிவு செய்திருக்கிறார், சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். உங்கள் வேலையில் இதற்கு ஆயத்தமாக ஒரு இடம் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் ஹேண்ட் ரப் போட்டுக் கை தேய்க்கிறீர்கள், 20 முதல் 30 விநாடி. சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று கை தன் வேலையைச் செய்யும். அந்த நேரத்தில் சங்கீதம் 70:1-உம் அடுத்த பெட்டில் இருக்கிறவரின் பெயரும். ஒரு டியூட்டியில் இது எத்தனை தடவை வரும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாத் தடவையும் நினைவு வராது. ஆரம்பத்தில் மூன்று தடவை வந்தால் போதும்.

நைட் டியூட்டிக்கென்றே ஒரு சங்கீதம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? 134-ஆம் சங்கீதம். மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று ஆரம்பிக்கும். மனப்பாடம் செய்து, ஹேண்ட்ஓவர் வாங்கின பிறகு முதல் ரவுண்டுக்குப் போகும்போது சொல்லுங்கள். அந்த வாரம் முழுவதும் வேறு எதுவும் முடியாமல் போனாலும், அந்த மூன்று வசனமும் கை தேய்க்கும்போது சொல்லும் ஜெபமும் இருந்தால் தொடர்பு அறுந்துபோகவில்லை. வந்து படுக்கும்போது ஐந்து நிமிடம் நடந்ததைத் திரும்பிப் பாருங்கள். எதற்கு நன்றி, எங்கே தவறினேன், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வரிசையில், நன்றியில் தொடங்கி. தவறில் தொடங்கினால் அந்த ஐந்து நிமிடமும் சுயவதையாகிவிடும். நடுவில் தூங்கிவிட்டால் தூங்குங்கள். "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்கிறது சங்கீதம் 103.

"கர்த்தர் என்னோடு பேசினார்" என்பது பற்றி. நம் சபைகளில் அந்த வார்த்தைக்குப் பல அர்த்தம். சிலர் ஒரு வசனம் உள்ளத்தில் தைத்ததைச் சொல்கிறார்கள். சிலர் உறுத்தலைச் சொல்கிறார்கள், சிலர் ஒரு நினைப்பை. காதில் குரல் கேட்டதாகச் சொல்கிறவர்கள் மிகச் சிலர். மாற்கு 4-இல் அந்தத் தலையணை உங்களைத் தொட்டிருந்தால் அவர் பேசிவிட்டார். அதைச் சாட்சி நேரத்தில் அழகாகச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு எச்சரிக்கை மட்டும். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை வைத்து வீட்டுக் கடன், வேலை மாற்றம், கல்யாணம் போன்றவற்றை முடிவு செய்யாதீர்கள். யார் "கர்த்தர் உனக்கு இதைச் சொல்லச் சொன்னார்" என்று வந்தாலும், அது வேதத்தின் முழுப் போதனையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், போதகரிடம் கேளுங்கள், சில நாள் பொறுங்கள். உண்மையாகவே கர்த்தர் பேசியிருந்தால் ஒரு வாரம் காத்திருப்பதால் அது கெட்டுப்போகாது.

வறட்சி. இதற்கு ஒரே காரணம் கிடையாது, அதனால் ஒரே மருந்தும் கிடையாது. முதலில் உடம்பைப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்ட எலியாவுக்கு கர்த்தர் முதலில் அனுப்பியது போதனை அல்ல, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினான், இரண்டாம் தரமும் ஆகாரம். "அமர்ந்த மெல்லிய சத்தம்" அதற்கெல்லாம் பிறகுதான். இரவு டியூட்டி வாரத்தில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அந்த வாரத்தில் உபவாசம் வேண்டாம். மருந்து அளவு தவறினால் அதன் பலனை அனுபவிப்பது நோயாளி.

இரண்டாவது, யாரோடாவது பேச்சு முறிந்திருக்கிறதா? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5 சொல்கிறது. சில வறட்சி ஒரு போன் அழைப்பில் தீர்ந்துவிடும். மறைத்து வைத்திருக்கிற பாவம் ஏதாவது இருந்தால் அதையும் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், "எல்லாப் பாவத்தையும் மன்னியும்" என்று பொதுவாகக் கடந்துபோகாமல்.

மூன்றாவது, நர்ஸ் என்பதால் உங்களுக்கே தெரியும்: இரண்டு வாரத்துக்கு மேலாக, ஜெபத்தில் மட்டுமல்ல, எதிலுமே விருப்பமில்லை, சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டது, நான் எதற்கும் லாயக்கில்லை என்கிற நினைப்பு விடுவதில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல, நோய். "தகுதியில்லை" என்ற வார்த்தை உங்கள் கடிதத்தில் வந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன். சாக வேண்டும் என்கிற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மூன்றும் இல்லாமலும் வறட்சி வரும். 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். கடைசி வசனம்வரை விடியலே இல்லாத சங்கீதம். அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார் கர்த்தர். அப்படிப்பட்ட காலத்தில் செய்ய வேண்டியது, நல்ல நாளில் எடுத்த தீர்மானத்தை மாற்றாமல் இருப்பது. இது கத்தோலிக்க இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதி. சபை வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் பொருந்தும். 20 நிமிடத்தைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். பாமாலைப் பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடுங்கள். இரவல் வார்த்தையில் ஜெபிப்பது குறைவான ஜெபம் அல்ல.

தவறிய நாளுக்கு என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். மறுநாள் 40 நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்ட முயலாதீர்கள். அட்டைத் துண்டு இருக்கிற இடத்தைத் திறந்து, எப்போதும்போல் 20 நிமிடம்.

தனியாக இதைச் செய்ய வேண்டாம். ஜெபக்குழுவில் சாட்சியைவிட உண்மை அதிகம் பேசுகிற ஒரு சகோதரி இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் போனில் பேசுங்கள். "மாற்கு எங்கே வந்திருக்கிறது? இந்த இரண்டு வாரத்தில் கஷ்டமாக இருந்தது எது?" இந்த இரண்டு கேள்வி போதும். திருவிருந்து ஞாயிறன்று டியூட்டி விழுந்தால் முன்கூட்டியே மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அதற்கு ஈடாக வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

நான் வளரவே இல்லையா என்ற கேள்விக்கு இப்போது பதில் தேடாதீர்கள். விதைக்கிறவன் இரவில் தூங்கிப் பகலில் எழுந்திருக்க, "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைக்கிறது என்கிறது மாற்கு 4:27. முளைத்ததா என்று தினமும் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வேர் அறுந்துபோகும். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள், உணர்ச்சியை அல்ல, பழக்கத்தை: தப்பு செய்த ஜூனியரிடம் எந்தக் குரலில் பேசுகிறீர்கள், கோபத்துக்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் நடுவே எத்தனை மணி நேரம் போகிறது. கலாத்தியர் 5-இல் சொல்லப்பட்ட ஆவியின் கனிகள் எல்லாமே கூட இருக்கிறவர்களுக்கு முதலில் தெரியும்; நமக்குக் கடைசியில்தான் தெரியும்.

மகனுக்குச் சொல்லித்தரத் தகுதி தேவையில்லை. நீங்கள் வீட்டில் இருக்கிற இரவுகளில், விளக்கை அணைத்த பிறகு, அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு மூன்று வாக்கியம். இன்று நடந்த ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி, ஒரு "சாரி", ஒருவருக்காக ஒரு வேண்டுதல். முதலில் நீங்கள் உங்கள் மூன்றையும் உண்மையாகச் சொல்லுங்கள், "இன்னிக்கு அம்மா உன்கிட்ட கத்திட்டேன், ஆண்டவரே மன்னியும்" என்பது உட்பட. பிறகு அவன் முறை. அவன் நன்றி சொல்வது பென்சில் பாக்ஸுக்காக இருக்கும், வேண்டுதல் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்காக இருக்கும், திருத்தாதீர்கள். நைட் டியூட்டி இரவுகளில் அத்தையிடம் அதே மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். அப்பாவுக்கு வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் அவனே ஜெபித்து முடிக்கட்டும்.